மழையைக் கேட்டுவிட்டு மலை ஏறு

மும்பை, புணே பக்கம் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஜூன் பிறந்தாலே ஒரு பஞ்சாயத்து கிளம்பும். பிள்ளைகளுக்கு மலை ஏறணும். கயிறு கட்டிப் பாறை ஏறணும். கூடப் படிக்கிற மராத்திப் பிள்ளைகள் எல்லாம் போகிறார்கள், நாங்கள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து இட்லி சாப்பிடவா என்று ஒரே சண்டை. அம்மாக்கள் மழையைக் காட்டி வேண்டாம் என்பார்கள். அப்பாக்கள் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டுவார்கள்.

எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவன் என்னிடம் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "அங்கிள், சிவாஜி மகாராஜாவே ஜூலை மாச மழையிலதானே பன்ஹாளாவிலேருந்து ராத்திரியோட ராத்திரியா போனார்? நாங்க போனா மட்டும் என்ன தப்பு?"

நான் காமர்ஸ் படித்து வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவன். சரித்திரம் நமக்குப் பொழுதுபோக்குதான். ஆனாலும் இந்தக் கேள்விக்குச் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. இந்த மலைகளில் இரண்டாயிரம் வருடமாக மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள், இறங்கியிருக்கிறார்கள், உயிரையும் விட்டிருக்கிறார்கள். அதில் யார் எந்த மாதத்தில் ஏறினார் என்று தேதி வாரியாக எழுதிப் பாருங்கள். பேலன்ஸ் ஷீட் மாதிரி எல்லாம் தெளிவாகத் தெரியும்.

முதலில் நம் தலையில் இருக்கிற காலண்டர்

நாம் செய்கிற முதல் குழப்பமே காலண்டரில்தான். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. தீபாவளிப் பட்டாசு நனையும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். ஆடியில் காற்று மட்டும்தான் அடிக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். ஜூன் இரண்டாவது வாரம் தென்மேற்குப் பருவமழை மும்பைக்கு வரும், அக்டோபர் முதல் பத்து நாட்களில்தான் கிளம்பும். நம் ஊரில் மழைக்குக் குடை தேடும் நேரத்தில் இங்கே வானம் பளிச்சென்று இருக்கும்.

அளவிலும் வித்தியாசம் உண்டு. சென்னையில் ஒரு வருடத்துக்குச் சுமாராக 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. மகாபலேஷ்வரில் ஜூலை ஒரு மாதத்திலேயே அதைவிட அதிகம் பெய்துவிடும். அதே சமயம் புணே நகரத்தில் வருடம் முழுக்கப் பெய்வது 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். இரண்டு ஊருக்கும் நடுவே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். மலையின் மேற்கு விளிம்பு மழையைத் தடுத்து வாங்கிக்கொள்கிறது, கிழக்கே போகப் போக வறட்சி. புணேயில் பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புவது, அடுத்த வீட்டுக்காரரின் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு நம் அக்கவுண்டில் செக் எழுதுவது மாதிரி :-)

பாறையும் வேறு. நாம் செஞ்சிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள். அது கருங்கல், உருண்டு திரண்ட பாறை. சஹ்யாத்ரி சுமார் 6.6 கோடி வருடங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு ஓடி, அடுக்கடுக்காக உறைந்த கல். ஒரு அடுக்கு இரும்பு மாதிரி, அடுத்த அடுக்கு பொத்தல் விழுந்தது. நடுவில் சில இடங்களில் சிவப்பு மண் மாதிரி மெல்லிய படலம். வெயில் காலத்தில் கெட்டியாகத் தெரிகிற பிடி, மழையில் ஊறினால் கையோடு வந்துவிடும். மேலே பாசி வேறு. கீழே நிற்கிறவன் தலையில் கல் விழுவதும் மழைக்காலத்தில்தான் அதிகம்.

சாதுக்கள் போட்ட முதல் விதி

இந்தப் பாறையை நன்றாகப் புரிந்துகொண்ட முதல் ஆட்கள் பௌத்தத் துறவிகள். லோணாவளா பக்கத்தில் பாஜா குகைகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கார்லா அதற்குக் கொஞ்சம் பிந்தியது. உளியால் மலையைக் குடைந்து தூண், மாடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்திருக்கிறார்கள்.

பௌத்தத் துறவிகளுக்கு ஊர் ஊராக நடப்பதுதான் வாழ்க்கை. ஆனால் மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும் என்பது அவர்கள் சங்கத்தின் விதி. வர்ஷாவாசம் என்று பெயர். பாதை சேறாகும், ஆறு பெருகும், பயிரையும் புழு பூச்சியையும் மிதிக்க வேண்டிவரும் என்பது காரணம். நம் ஊரில் சன்னியாசிகள் அனுஷ்டிக்கிற சாதுர்மாஸ்யமும் இதே வழக்கத்தின் இன்னொரு வடிவம்தான். ஆடிப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கும் அந்த விரதத்தின்போது தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மழையே இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? அது இந்தப் பக்கத்துப் பருவமழைக்குப் போட்ட காலண்டர்.

அதாவது வருடம் முழுக்க நடப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களே ஜூலையில் நடக்கவில்லை.

1660 ஜூலை: அந்த ஒரு ராத்திரி

இப்போது பையன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1660 மார்ச் மாதத்திலிருந்து பன்ஹாளா கோட்டையில் சிவாஜி சிக்கிக்கொண்டார். வெளியே பீஜப்பூர் தளபதி சித்தி ஜௌஹர் முற்றுகை போட்டிருக்கிறார். ராஜாபூரிலிருந்த ஆங்கிலேய வியாபாரிகள் அவருக்குப் பீரங்கி உதவி வேறு செய்தார்கள். சாதாரணமாக மழை வந்தால் முற்றுகை தளரும், கூடாரம் நனையும், படை கலையும். ஜௌஹர் அசையவில்லை. மழையிலும் காவலைத் தொடர்ந்தார். உள்ளே சாமான் தீர்ந்துகொண்டிருந்தது.

ஜூலை நடுவில் ஒரு இரவு சிவாஜி கிளம்பினார். சரணடைவது பற்றிப் பேச வருகிறேன் என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்ததால் எதிரிக் காவலில் கொஞ்சம் அசட்டை. கொட்டுகிற மழை. கூட வந்தவர்கள் சுமார் 600 பேர். சிவாஜி மாதிரியே வேஷம் போட்டு இன்னொரு பல்லக்கில் போன சிவா காஷித் பிடிபட்டு உயிரை விட்டார். சுமார் 60 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் விஷால்கட்டை நோக்கி ஓட்டம். வழியில் கோட் கிண்ட் என்ற குறுகிய கணவாயில் பாஜி பிரபு தேஷ்பாண்டே சுமார் 300 பேரோடு நின்று துரத்தி வந்த படையைத் தடுத்தார். சிவாஜி விஷால்கட் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகப் பீரங்கிச் சத்தம் கேட்கும் வரை அவர் உயிரை விடவில்லை என்று மராத்தியர்கள் இன்றும் கண் கலங்கச் சொல்வார்கள். அந்த இடத்துக்குப் பிறகு பாவன் கிண்ட், அதாவது புனிதமான கணவாய், என்று பெயர் வந்தது.

ஒவ்வொரு ஜூலையிலும் அந்த வழியில் நினைவு நடை போகிறார்கள். போகட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் கதையின் கணக்கைச் சரியாகப் போடுங்கள். சிவாஜி மழையைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு மாதம் உள்ளே காத்திருந்து, வேறு வழியே இல்லாமல், பிடிபட்டால் ராஜ்யமே போகும் என்ற நிலையில் இறங்கினார். மழை அவருக்குத் திரையாக உதவியது, உண்மை. அதற்குக் கொடுத்த விலை பாஜி பிரபுவும் அவரோடு நின்றவர்களும். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு அந்த விலை கொடுக்க யார் தயார்?

சிவாஜியின் ஆட்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்த மாதங்கள்

நிர்ப்பந்தம் இல்லாமல் தாங்களே நாள் குறித்து ஏறியபோது அதே மராத்தியர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

புணே பக்கத்தில் கொண்டாணா கோட்டை, இன்றைய சிங்ஹகட். தானாஜி மாலுசரே சுமார் 300 பேரோடு அதன் செங்குத்துப் பக்கத்தில் கயிறு போட்டு ஏறியது 1670 பிப்ரவரி 4ஆம் தேதி இரவு. உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள் என்பது பாட்டிலும் கதையிலும் வருவது, சரித்திரக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்வதில்லை. (நமக்கும் உடும்புப் பிடி தெரியும், ஆனால் அதன் மேல் ஆளை ஏற்றுகிற தைரியம் வராது!) உடும்பை விடுங்கள், தேதியைப் பாருங்கள். பிப்ரவரி. மழை நின்று நான்கு மாதம் ஆகிவிட்டது. பாறை காய்ந்து கெட்டியாக இருக்கும். வெயில் இன்னும் ஏறவில்லை. மராத்தி வழக்கப்படி அன்று மாசித் தேய்பிறை நவமி, அதனால் நள்ளிரவு வரை நிலா கிடையாது. ஏறுகிறவரை இருட்டு, மேலே போனபின் கொஞ்சம் வெளிச்சம். அந்தச் சண்டையில் தானாஜியும் இறந்தார், கோட்டைத் தலைவர் உதய்பானும் இறந்தார். கோட்டை மராத்தியர் கைக்கு வந்தது.

அடுத்தது பன்ஹாளா. 1660இல் தப்பித்த பிறகு அந்தக் கோட்டை பீஜப்பூரிடம் போய்விட்டது. 1673 மார்ச் 6ஆம் தேதி இரவு கொண்டாஜி ஃபர்சந்த் வெறும் 60 பேரோடு பாறை ஏறி உள்ளே குதித்து அதைப் பிடித்தார். மறுபடியும் வறண்ட காலம், மறுபடியும் தேய்பிறை இருட்டு.

மராத்திப் படைகளுக்கே பொதுவாக இதுதான் வழக்கம். மழைக்காலத்தில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய் விவசாயம் பார்ப்பார்கள். தசரா அன்று ஊர் எல்லையைத் தாண்டி அடுத்த வருடப் படையெடுப்பைத் தொடங்குவார்கள். சீமோல்லங்கன் என்று பெயர். இன்றும் தசராவுக்கு இங்கே அக்கம்பக்கத்தார் மந்தாரை வகை இலையைக் கையில் கொடுத்து 'தங்கம் வாங்கிக்கோங்க' என்பார்களே, அந்தப் பண்டிகைதான். மழை முடிந்தது, இனிக் கிளம்பலாம் என்பதற்கான தேதி அது.

அவுரங்கசீப் போட்ட வாராக்கடன்

இந்தக் காலண்டரை மதிக்காமல் முட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. சாதாரண ஆளில்லை, பாதுஷா.

1699 கடைசியிலிருந்து அவுரங்கசீப் தானே நேரில் வந்து மராத்திக் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தார். 1700இல் சதாரா, பிறகு பரளி. கோட்டைகள் கைக்கு வரும்போது மழை ஆரம்பித்துவிட்டது. படை இறங்கி வரவே திண்டாடியது. கடைசியில் மழைக்காலத்தைக் கழிக்க மாண் நதிக்கரையில் கவாஸ்பூரில் முகாம் போட்டார்கள். அது மழை குறைந்த, வறண்ட பகுதி. பாதுகாப்பான இடம் என்றுதான் தோன்றும். அக்டோபர் 1ஆம் தேதி இரவு, மேலே எங்கோ மலையில் கொட்டிய மழை ஆற்றில் வெள்ளமாக வந்து தூங்கிக்கொண்டிருந்த முகாமை அடித்துக்கொண்டு போனது. எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து எழுந்து ஓடிய பாதுஷா தடுக்கி விழுந்து முட்டி பிசகியது. அதன்பின் கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். அவர் முன்னோரான தைமூரும் நொண்டி, பரம்பரைச் சொத்து வந்து சேர்ந்தது என்று அரண்மனையில் சமாதானம் சொன்னார்களாம்!

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் நாம் நிற்கிற ஓடை நிறையலாம். மழை வேறு எங்கோ பெய்தால் போதும்.

அதோடு நிற்கவில்லை. 1701 டிசம்பர் கடைசியில் விஷால்கட்டை முற்றுகை போட்டார்கள். ஆமாம், சிவாஜி ஓடிப் போய்ச் சேர்ந்த அதே விஷால்கட். பல மாதம் முட்டியும் பிடிக்க முடியவில்லை. 1702 ஜூன் முதல் வாரத்தில் கோட்டைத் தலைவருக்கு இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். வாங்கிவிட்டுத் திரும்பினால், மழை வந்தாகிவிட்டது.

ஜூன் 10 வாக்கில் கிளம்பிய படை பன்ஹாளா பக்கம் வந்து சேர்ந்தது ஜூலை 17 வாக்கில். முப்பது மைல் தூரத்துக்கு 38 நாள்! ஒட்டகம், யானை, பீரங்கி, கூடாரம், கடைவீதி, அந்தப்புரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு ஓடையிலும் நின்று நின்று வந்தார்கள். மிருகங்கள் சேற்றில் விழுந்து செத்தன, ஆட்களை வெள்ளம் கொண்டுபோனது, தானிய விலை எகிறியது.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே பன்ஹாளா, அதே விஷால்கட், ஏறக்குறைய அதே மாதம். 1660இல் 600 பேர் ஒரு இரவும் மறுநாளுமாகக் கடந்தார்கள். 1702இல் உலகத்தின் பெரிய படைகளில் ஒன்று 38 நாள் எடுத்துக்கொண்டது. மழை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். மூட்டையில்தான் வித்தியாசம்.

வங்கிக்காரன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. கடன் வாராது என்று தெரிந்த பிறகும், இவ்வளவு போட்டாயிற்றே, இன்னும் கொஞ்சம் போட்டால் வந்துவிடும் என்று மேலும் மேலும் கொடுப்பார்கள். அவுரங்கசீப் 83 வயதில் செய்தது அதுதான். ஐந்து மாதம் முற்றுகை போட்டாயிற்று, இப்போது எப்படி விடுவது என்ற எண்ணம். நம் வார இறுதித் திட்டமும் இதே குழியில்தான் விழும். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, சப்பாத்தி கட்டியாயிற்று, மூன்று மணி நேரம் ஓட்டி வந்தாயிற்று, இப்போது மழை என்று எப்படித் திரும்புவது?

வெள்ளைக்காரன் போட்ட கணக்கு

கண்டாளா மலையில் நாகபணி என்று ஒரு சிகரம். பாம்புப் படம் மாதிரி நிற்கும். பாறை ஏறுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆங்கிலேயர்கள் அதற்கு டியூக்ஸ் நோஸ் என்று பேர் வைத்தார்கள். வெலிங்டன் பிரபுவின் மூக்கு மாதிரி இருக்கிறதாம். அந்த மூக்குக்குச் சொந்தக்காரர், அப்போது ஆர்தர் வெல்லெஸ்லி, 1803இல் மழைக்காலத்திலேயே மராத்தியர்களோடு சண்டையைத் தொடங்கினார்.

அவர் மட்டும் எப்படி? அவர் மழையைத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். ஆறு நிறைந்தால் மராத்திக் குதிரைப்படை கடக்க முடியாது, நம்மிடம் படகு இருந்தால் நாம் மட்டும் கடக்கலாம் என்பது அவர் கணக்கு. பிரம்பும் மூங்கிலும் பின்னித் தோல் போர்த்திய கூடைப் படகுகளை முன்கூட்டியே செய்து வைக்கச் சொன்னார். நம்ம காவிரிப் பரிசல்தான்! ஆகஸ்ட் 12இல் அஹமத்நகர் கோட்டை சரணடைந்தது, பிறகு கோதாவரியைப் பரிசலில் தாண்டினார்கள். இன்னொன்றும் உண்டு. அஹமத்நகர் இருப்பது கிழக்கே, மழை குறைந்த சமவெளியில். மழைக்காலத்தில் அவர் மலை விளிம்புக்குப் போகவில்லை.

1817-18 போரில் மலைக்கோட்டைகளின் முறை வந்தபோது கம்பெனிப் படை தேதியை எப்படி வைத்தது பாருங்கள். சிங்ஹகட் 1818 மார்ச் 2. புரந்தர் மார்ச் 16. ராய்கட் மே 10. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா சரணடைந்தது ஜூன் 3. மும்பையில் மழை இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் மராத்தியப் பேரரசின் கணக்கையே முடித்துவிட்டார்கள். சும்மா வந்த பொருத்தமில்லை இது.

இன்றைக்கு நம் கையில் இருப்பது

தானாஜிக்கு இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை. 1864 கல்கத்தா புயலும் அடுத்தடுத்து வந்த பஞ்சங்களும் பாடம் புகட்டியபின் 1875இல் தொடங்கினார்கள். 1928இல் தலைமையகம் புணேக்கே வந்தது. பின்னால் டெல்லிக்குப் போனாலும் புணே அலுவலகம் இன்றும் முக்கியமானது.

ஆனால் வானிலை அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். 2005 ஜூலை 26 யாருக்கும் மறக்காது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. அதே நாளில் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர். ஒரே நகரம், நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர். நகரத்துக்குள்ளேயே இப்படி என்றால் மலையில் கேட்பானேன்.

அதனால்தான் இப்போது புணே, சதாரா, கோலாப்பூர், நாசிக் மாவட்டங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும்போது காட் பகுதிக்கு, அதாவது மலைத்தொடர்ப் பகுதிக்கு, தனி வரி போடுகிறார்கள். மாவட்டம் மஞ்சளாக இருக்கும், காட் பகுதி சிவப்பாக இருக்கும். நம்மவர்கள் முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாவது வரிதான் நமக்கானது.

இதெல்லாம் பூச்சாண்டி காட்டுவதற்காகச் சொல்லவில்லை. 2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. லோணாவளாவில் புஷி அணைக்குப் பக்கத்து அருவியில் சுற்றிப் பார்க்க வந்த ஒரே குடும்பத்து 5 பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதில் குழந்தைகளும் உண்டு. 2023 ஜூலை 19 இரவு இர்ஷால்கட் அடிவாரத்தில் இர்ஷால்வாடி மேல் மலை சரிந்தது. 27 உடல்கள் கிடைத்தன, 57 பேர் கிடைக்கவே இல்லை. இர்ஷால்கட் ஏறப் போகிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகிற ஆதிவாசிக் கிராமம் அது. அவர்கள் பொழுதுபோக்குக்கு மலைக்கு வந்தவர்கள் இல்லை, தங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். நாம் போகிற இடம் எப்படிப்பட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, வார இறுதிக்கு என்னதான் செய்வது?

2015 செப்டம்பரிலிருந்து வங்கிக்காரர்களுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. மாதத்துக்கு இரண்டு வாய்ப்பு. இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே, இந்த வாரம் விட்டால் போச்சு என்று மனசு அடித்துக்கொள்ளும். இந்த அவசரம்தான் முதல் எதிரி. மேலே சொன்ன சரித்திரத்திலிருந்து என் வீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்.

ஒன்று, மாதம். கயிறு கட்டிப் பாறை ஏறுவது என்றால் அக்டோபர் கடைசி முதல் பிப்ரவரி வரை. தானாஜி போன மாதம் நமக்கும் போதும். மார்ச்சுக்கு மேல் கறுப்புக் கல் சுடும். ஏப்ரல், மே, அக்டோபர் முதல் பாதியில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும், அதனால் காலை பதினோரு மணிக்குள் பாறையை விட்டு இறங்கிவிட வேண்டும். மழை விட்ட பிறகு பாறை முகத்தில் பெரிய தேன்கூடுகள் இருக்கும். சத்தம், புகை, வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம்.

இரண்டு, ஒரே தேதி குறிக்காதீர்கள். இரண்டு சனிக்கிழமை குறியுங்கள். முதல் தேதி மழையில் போனால் இரண்டாவது. இரண்டும் போனால் அடுத்த மாதம். திருப்பித் தராத அட்வான்ஸ் எதற்கும் கொடுக்க வேண்டாம். முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற புக்கிங்தான் கடைசியில் மழையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

மூன்று, யார் வேண்டாம் என்று சொன்னாலும் திட்டம் ரத்து. வியாழக்கிழமை ஒருமுறை, வெள்ளி இரவு ஒருமுறை, அடிவாரத்தில் ஒருமுறை என்று மூன்று தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் கிராமத்து ஆள் 'நகோ சாஹேப்' என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் வானிலைத் துறையைவிட அந்த ஓடைக்கு அருகில் இருக்கிறார்.

நான்கு, மூட்டை. 600 பேரா, பாதுஷா படையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு கார், நான்கு குடும்பம், தாத்தா பாட்டி, கைக்குழந்தை, புளிசாதப் பாத்திரம் எல்லாம் சேர்ந்தால் அது சுற்றுலா, மலையேற்றம் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். பாறை ஏறுகிற பிள்ளைகளைப் பழக்கமான பயிற்சியாளரோடும் தலைக்கவசத்தோடும் தனியாக அனுப்புங்கள்.

ஐந்து, திரும்பும் நேரம். மேலே போய்ச் சேரும் நேரத்தை எழுதாதீர்கள், திரும்பத் தொடங்கும் நேரத்தை எழுதுங்கள். உச்சிக்கு நூறு அடி பாக்கி இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்ப வேண்டும்.

அப்புறம் ஜூலையில் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மும்பையிலும் புணேயிலும் கூரைக்கு அடியில் செயற்கைச் சுவர் ஏறக் கற்றுத் தருகிற இடங்கள் இருக்கின்றன. 1954இல் மும்பையில் தொடங்கிய கிரிவிஹார் சங்கத்தார் 2016, 2017 இரண்டு வருடமும் நவி மும்பையில் உலகக் கோப்பைப் பாறையேற்றப் போட்டியே நடத்தினார்கள். செயற்கைச் சுவரில்தான். மழை நான்கு மாதமும் விரல் பலமும் கயிற்று முடிச்சும் அங்கே பழகட்டும். குடும்பத்தோடு வெளியே போகணும் என்றால், எச்சரிக்கை இல்லாத ஒரு ஞாயிறு பாஜாவுக்கோ கார்லாவுக்கோ போய்வாருங்கள். படி இருக்கிறது, மேலே கல் கூரை இருக்கிறது. மழை நிற்கட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தவர்கள் செதுக்கிய தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

அப்படியே காலண்டரை எடுத்து நவம்பரின் இரண்டு சனிக்கிழமைகளிலும் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். பேனா வேண்டாம்.